வீடு குளிர்ந்த மூன்று நாட்கள்

ஒரேயடியாகக் குளிர்ந்திருந்தால் முதல் நாளே யாரையாவது கூப்பிட்டிருப்பேன். குளிர் மெல்ல மெல்ல, ஒரு அறையிலிருந்து மறு அறைக்கு, வீடு பார்க்க வந்தவனைப் போல நடந்தது. நான் அதன் பின்னால் அலைந்தேன். ஹீற்றர்களில் கை வைத்தேன். காலையில் இளஞ்சூடு. மத்தியானம் வெறும் இரும்பு.

என் மனைவிக்குக் கீமோ ஏற்றிப் பத்து நாள். வெள்ளை அணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கும் கிழமை இது, காய்ச்சல் முப்பத்தெட்டைத் தாண்டினால் யோசிக்காமல் எடுங்கள் என்று வார்டில் ஒரு போன் இலக்கம் தந்திருந்தார்கள். அவள் இரண்டு போர்வைக்குள் கிடந்து நடுங்கினாள். அது வீட்டின் குளிரா, உடம்புக்குள் மூளும் வேறொன்றா? மணிக்கொருதரம் வெப்பமானியை வைத்துப் பார்த்தேன். முப்பத்தேழு. முப்பத்தேழரை. அந்த அரைக்கு நான் செத்துச் செத்துப் பிழைத்தேன்.

ஓகூஸ் நகரத்தில் இருக்கும் ஒரு அண்ணை, ஹீற்றர்களுக்குச் சுடுதண்ணீர் அனுப்பும் தன் வீட்டுக் கொதிகலனைத் தானே திருத்தியவர். அவருக்குப் போன் அடித்தேன்.

"அமுக்கம் என்ன காட்டுது தம்பி?"

"பூச்சியம் தசம் ஆறு."

"பிடிச்சிட்டன். ஒண்டரை வரும் மட்டும் தண்ணி ஏத்தும். பிறகு ஒவ்வொரு ஹீற்றரா காத்தைத் திறந்து விடும்."

ஏற்றினேன். சின்னச் சாவியால் திருகினேன். காற்று சீறியது, பிறகு கறுப்புத் தண்ணீர் என் சேட்டில் துப்பியது. வால்வுகளின் ஊசியைச் சுத்தியலால் மெல்லத் தட்டினேன். கொதிகலனை நிறுத்தி மறுபடி போட்டேன். அது பிழை எதுவும் காட்டவில்லை. பச்சை விளக்கு, சாந்தமாக.

"குழாயில சுடுதண்ணி வருதோ?"

"கொதிக்கக் கொதிக்க வருது அண்ணை."

"அப்ப பொயிலர் சாகேல்லை. உம்மோட கோவிச்சுக்கொண்டு நிக்குது."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. போனை வைத்துவிட்டுச் சூப்பைப் பார்க்கப் போனேன்.

சூப் வெளியில் கொதித்தது. கீமோவுக்குப் பிறகு சமையல் மணம் பட்டாலே அவளுக்கு ஓங்காளம். அதனால் காஸ் அடுப்பை வடக்குச் சுவரோரம், கூரை விளிம்பின் கீழ் வைத்திருந்தேன். டென்மார்க்கின் இந்தக் கிரின்ஸ்டெட் ஊரில் மேல்காற்று அண்டாத இடம் அது ஒன்றுதான். குளிர்க் கோட்டுகளில் மணம் ஏறாமலிருக்க எங்கள் ஆட்கள் பலரும் பொரியலை வெளியில்தான் செய்வார்கள். நான் ஆட்டுக்கால் சூப் வைத்தேன். மிளகு, மல்லி, உள்ளி; காலை தொடங்கிப் பொழுதுபடும்வரை சிறு நெருப்பில். அவள் நடுங்கினாள், நான் சூப் வைத்தேன். அவள் இன்னும் கூடுதலாக நடுங்கினாள், நான் நெருப்பைக் கூட்டினேன்.

மூன்றாம் நாள் பின்னேரம், நான் கூப்பிட்ட கொதிகலன் திருத்துநர் வந்தாள். காதில் பென்சில் செருகிய டேனிஷ் பெண். கொதிகலனில் இரண்டு பொத்தான்களை அமத்தினாள். நெற்றியைச் சுருக்கினாள்.

"வெளியில் முப்பத்தொரு பாகை என்கிறது. உங்கள் தோட்டத்தில் மட்டும் கோடையா?"

யன்னலில் உறைபனி பூத்திருந்தது. அவள் பின்கதவால் வெளியே போனாள். நானும் போனேன். அடுப்பில் சூப். அதற்கு நேர் மேலே, சுவரில், தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய வெள்ளைப் பெட்டி. பழைய அழைப்புமணியின் மிச்சம் என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். வெளிக்குளிரை அளந்து கொதிகலனுக்குச் சொல்வது அது என்றாள். வெளியில் வெயில் என்று அது சொன்னால் அறைகளுக்குச் சூடு போகாது, குழாய்த் தண்ணீருக்கு மட்டும்தான் போகும்.

"இது யாருக்கு?" என்று பானையைக் காட்டினாள்.

"மனைவிக்கு. சுகமில்லை."

அவளே குனிந்து அடுப்பை அணைத்தாள். "இதைத் தள்ளி வையுங்கள். வேறெதுவும் உடையவில்லை."

ஏதாவது உடைந்திருக்கக் கூடாதா? ஒரு குழாயோ பம்போ உடைந்திருந்தால் அதைத் திட்டியிருப்பேன்.

நாலரைக்கு இருட்டியபோது குழாய்கள் டக்டக்கென்று விரிந்தன. ஹீற்றர்கள் கை வைக்க முடியாமல் சுட்டன. மனைவியிடம் சொன்னேன்.

"அப்ப மூண்டு நாளா என்னைக் குளிரில போட்டது உங்கட சூப்பே?"

"ஓம்."

"கடவுளே. அதில நான் மூண்டு கரண்டி கூடக் குடிக்கேல்லை."

சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் நடுக்கமாகியது. போர்வைக்கு வெளியே எனக்கு வியர்த்தது. அவள் நடுங்கிக்கொண்டே இருந்தாள். இனி வீட்டைக் குற்றம் சொல்ல வழியில்லை. வெப்பமானியை வைத்தேன். முப்பத்தெட்டு தசம் மூன்று.

வார்டில் போனை எடுத்தவள் என்னை இரண்டு வசனத்துக்கு மேல் பேசவிடவில்லை. உடனே கொண்டுவாருங்கள்.

கார்ச் சாவி, அவளுடைய கம்பளித் தொப்பி, மருந்துப் பை. அவளைத் தாங்கிப் பிடித்து வாசலுக்கு வந்தபின்தான் நினைவு வந்தது.

"ஹீற்றரைக் குறைச்சுவிடட்டே?"

"வேண்டாம், கிடக்கட்டும்," என்றாள். பற்கள் அடித்துக்கொண்டன. "வரேக்க வீடு சூடா இருக்கோணும்."

நான் திரும்பிப் போய் ஹீற்றரை ஒரு எண் கூட்டிவிட்டு வந்தேன்.