பதினொரு வீட்டுக்கு ஒரு மாடு

அடுத்தவர் வீட்டு அடுப்படி வரைக்கும் போய் உட்கார்ந்து, அவர்கள் சொல்வதையெல்லாம் எழுதி எடுத்து வருவதற்குச் சம்பளம் கொடுக்கிற வேலை எனக்குத் தெரிந்து உலகத்தில் இரண்டுதான். இரண்டையும் நான் பார்த்துவிட்டேன். முதல் வேலைக்கு மானுடவியல் என்று பெயர். இரண்டாவதற்கு யூஸர் ரிசர்ச் என்று பெயர். இரண்டிலும் அதே வெயில், அதே நாய். நோட்டும் பேனாவுமாக யார் வீட்டு வாசலிலாவது நின்று, உள்ளே கூப்பிடுவார்களா மாட்டார்களா என்று காத்திருந்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். மற்றவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள்.

கோடு போட்ட கொழுந்தனார்

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். திருக்கோகர்ணத்தில் எங்கள் வீட்டு மாடிக்குக் குடிவந்த உமா மேடம் மானுடவியல் ஆராய்ச்சி செய்பவர். குடுமியான்மலைப் பக்கத்தில் ஒரு ஊரை எடுத்துக்கொண்டு, அங்கே யாருக்கு யார் என்ன உறவு என்று எழுதிக்கொண்டிருந்தார். தனியாகப் போனால் ஒருத்தரும் வாய் திறப்பதில்லை என்று என்னைத் துணைக்குக் கூப்பிட்டார். ஒரு வாரம் என்று போனவள் ஏழு வருஷம் போனேன். கையில் நோட்டைப் பார்த்ததும் ஊரில் என்னை டீச்சரம்மா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். இல்லை என்று சொல்லிவிட வேண்டும் என்று தினமும் நினைப்பேன். அதற்குள் பஸ் வந்துவிடும்.

மேடம் ஒரு பெரிய தாளில் ஆணுக்கு முக்கோணம், பெண்ணுக்கு வட்டம் என்று போட்டுக்கொண்டே போவார். இறந்துபோனவர் மேல் குறுக்கே ஒரு கோடு இழுப்பார். அந்த ஊர் வள்ளிக்கண்ணு அக்கா வீட்டில் தாள் நிறைந்ததும், அக்கா அதை உற்றுப் பார்த்து, கோடு எதற்கு என்று கேட்டார். சொன்னேன். அக்கா ஒரு முக்கோணத்தின் மேல் விரலை வைத்தார்.

"எங்க கொழுந்தனாருக்கும் ஒண்ணு இழுத்து விட்ருங்க டீச்சரம்மா. ஆளு நல்லாத்தான் இருக்காரு. பேச்சுவார்த்தைதான் இல்ல."

எட்டாவது, பாஸ்

மேடத்தின் ஆராய்ச்சி முடிந்தது. சென்னையில் போனுக்கு ஆப் செய்கிற ஒரு கம்பெனியில் சேர்ந்தார். மானுடவியல் படித்தவருக்கு அங்கே என்ன வேலை என்று கேட்டேன். "அதே வேலைதாங்க. அப்ப ஜனங்க ஒருத்தரோட ஒருத்தர் எப்படிப் பழகறாங்கன்னு பார்த்தோம். இப்ப போனோட எப்படிப் பழகறாங்கன்னு பார்க்கணும். புதுக்கோட்டைக்கு நீங்கதான்" என்றார்.

மகள் நர்ஸிங் சேர்ந்த வருஷம் அது. வீட்டில் வேறு சம்பளம் கிடையாது. இந்த வேலை கிடைக்காவிட்டால் என் படிப்பு போன வழியில் அவள் படிப்பும் போகும். மேனேஜர் கார்த்திக் சார் வீடியோ காலில் பேசுவார் என்றார்கள். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போனுக்கு எதிரில் உட்கார்ந்தேன். என்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்டார். எட்டாவது என்றேன். அவர் எதையோ எழுதிக்கொள்ளவே, பயத்தில் "பாஸ்" என்றும் சேர்த்துக்கொண்டேன். அந்தப் பக்கத்தில் உமா மேடம் எனக்காக ஏதேதோ சொன்னார். கடைசியில் சார் முடிவைச் சொன்னார்.

"மூணு மாசம் பார்ப்போம்மா. அதுக்குள்ள டிகிரி முடிச்ச ஆள் கெடைச்சா மாத்திக்கலாம். தப்பா எடுத்துக்காதீங்க."

சுற்றுகிற வட்டம்

கம்பெனியின் ஆப், மாடு வைத்திருப்பவர்களுக்கானது. மாட்டைப் படம் எடுத்துப் பதிந்து வைத்தால், அதற்கு ஏதாவது நோய் என்றால் டாக்டர் போனிலேயே யோசனை சொல்வார். என் வேலை, ஆப்பை அவர்கள் போனில் ஏற்றிக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, எங்கே தடுமாறுகிறார்கள் என்று எழுதுவது. சொல்லித் தரக் கூடாது. ஒருத்தர் தப்பான இடத்தில் அழுத்தப் போவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது எவ்வளவு கொடுமை என்று உங்களுக்குத் தெரியும். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பேன்.

பழகின ஊராயிற்றே என்று குடுமியான்மலைப் பக்கத்து ஊருக்கே போனேன். ஒரு வீட்டில் ஆப் திறக்கவே இல்லை. திரையில் ஒரு சின்ன வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது. அந்த அம்மா கால் மணி நேரம் அதைப் பயபக்தியோடு பார்த்தார். எப்படி இருக்கிறது என்று கேட்டேன். ரொம்ப நல்லா இருக்குங்க என்றார். எது நல்லா இருக்கு என்றேன். சுத்துதுல்ல என்றார். கம்பெனிக்கு இதை எழுதி அனுப்பினால் என் மூன்று மாதம் மூன்று நாளாகிவிடும். உண்மையைச் சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். அவர் உள்ளே போய் மோர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுச் சொன்னார்.

"இம்புட்டு வெயில்ல வந்திருக்கீங்க. நல்லா இல்லைன்னா ஒங்க மொகம் வாடிப் போகும்ல. நீங்க பஸ் ஏறுங்க, நான் அழிச்சுக்கிறேன்."

ஒற்றைக் கொம்பு

கம்பெனியில் அதைச் சரிசெய்த பிறகு வேறு பதினொரு வீட்டுக்குப் போனேன். எல்லோரும் ஆப்பை ஒழுங்காகத்தான் திறந்தார்கள். படம் எடுக்கிற இடம் வந்ததும், மாடு மேய்ச்சலுக்குப் போயிருக்கிறது, சாயங்காலம் எடுத்து அனுப்பிவிடுகிறோம் என்றார்கள். சொன்னபடியே ஆளுக்கொரு படம் அனுப்பினார்கள். பதினொன்றும் வந்து சேர்ந்தது என்று மேடத்துக்குச் செய்தி போட்டுவிட்டு, அன்றைக்கு ஒரு நாள் நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது கார்த்திக் சார் போனில் வந்தார். படங்களைப் பார்த்தீர்களா என்று கேட்டார். அப்போதுதான் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒன்றில் முன்பக்கம், ஒன்றில் பக்கவாட்டு, ஒன்றில் வால் மட்டும். ஆனால் எல்லாம் ஒரே செவலை மாடு. இடது கொம்பு ஒடிந்திருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அவரே பேசினார்.

"பதினொரு வீட்டுக்கும் சேர்த்து ஒரே மாடாம்மா? ஒரு வீட்டுல உட்கார்ந்துக்கிட்டே மொத்தத்தையும் எழுதிட்டீங்களா? வெள்ளிக்கிழமை நானே நேர்ல வர்றேன்."

கடலை உரித்த மதியம்

நேராகக் கேட்டால் நமக்குத் தேவையான பதில் கிடைக்கும், கூட உட்கார்ந்து வேலை செய்தால் அவர்களுடைய பதில் கிடைக்கும் என்று உமா மேடம் அந்தக் காலத்தில் சொல்லுவார். அன்று மதியமே ஊருக்குத் திரும்பிப் போனேன். பதினொன்றில் ஒன்றான வள்ளிக்கண்ணு அக்கா வீட்டில் கடலை உரித்துக்கொண்டிருந்தார்கள். ஒன்றும் கேட்காமல் நானும் உட்கார்ந்து உரித்தேன். கட்டைவிரல் நகம் கழன்றுவிடும் போல இருந்தது. அரை மூட்டை முடியும்போது அக்காவே ஆரம்பித்தார். "கறக்கிற மாட்டைப் படம் புடிச்சு யாராச்சும் மெட்ராசுக்கு அனுப்புவாங்களா? எத்தனை பேரு பார்ப்பானோ. கண்ணு பட்டா மடி வத்திப் போகும். நீங்களும் பாவம் கேட்டு வந்துட்டீங்க, இல்லைன்னும் சொல்ல முடியல."

அப்புறம்தான் மற்றது வெளியே வந்தது. தெருக்கடைசியில் பாப்பாத்தியின் செவலை இருக்கிறது. கொம்பு ஒடிந்தது, சினை பிடிக்காதது, பால் கிடையாது. கண் பட்டாலும் அதற்குக் கெடுவதற்கு ஒன்றுமில்லை. பதினொரு வீட்டாரும் முறை வைத்துப் போய் அதைப் படம் எடுத்திருக்கிறார்கள். நான் பாப்பாத்தி வீட்டுக்குப் போனபோது, அவள் என்னைப் பார்க்காமல் மாட்டுக்கு வைக்கோலை உதறிப் போட்டுக்கொண்டே பேசினாள்.

"எம் மாட்டு மேல எவ கண்ணும் படாதுன்னு ஊரே கூடி முடிவு பண்ணிருச்சு. இதை நான் எந்த டாக்டர்கிட்டச் சொல்றது டீச்சரம்மா?"

பொட்டு

வெள்ளிக்கிழமை கார்த்திக் சார் காரில் வந்து இறங்கினார். திருட்டு நடந்த வீட்டைப் பார்க்க வந்தவர் மாதிரி முகம். வள்ளிக்கண்ணு அக்கா வீட்டில் உட்கார வைத்து நடந்ததைச் சொன்னேன். "கண் படும்னு ரிப்போர்ட்ல எப்படிம்மா எழுதறது? மூடநம்பிக்கைம்மா. ஆபீஸ்ல சிரிப்பாங்க" என்றார். என் மூன்று மாதத்தில் இன்னும் ஒன்பது நாள்தான் பாக்கி. மகளிடம் எப்படிச் சொல்வது என்றுகூட மனதுக்குள் ஒத்திகை பார்த்துவிட்டேன்.

அந்த நேரம் அவர் போன் அடித்தது. அவர் அதை எடுத்துப் பார்த்தபோது திரையில் ஒரு கைக்குழந்தையின் படம். ஒங்க பிள்ளைங்களா என்று அக்கா கேட்டார். ஆமாம், ஏழு மாசம் என்று சார் பெருமையாகப் போனைத் திருப்பிக் காட்டினார். கொழுகொழு குழந்தை. கன்னத்தில் சுண்டைக்காய் அளவுக்குக் கறுப்பாகத் திருஷ்டிப் பொட்டு. நான் பொட்டைப் பார்த்தேன். அக்கா பொட்டைப் பார்த்தார். கடைசியில் சாரும் பார்த்தார். அக்கா ரொம்ப மரியாதையாகத்தான் கேட்டார்.

"பிள்ளைக்குப் பொட்டு வச்சுல்ல படம் எடுத்திருக்கீங்க. எம் மாட்டுக்கு எங்கிட்டு வைக்கணும்னு மட்டும் சொல்லுங்க சார், இப்பவே புடிச்சாரேன்."

சார் போனைப் பைக்குள் வைத்துவிட்டு, என் நோட்டை வாங்கி முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தார். அடுத்த மாதம் வந்த ஆப்பில் படத்தை டாக்டர் மட்டும்தான் பார்ப்பார் என்று எழுதியிருந்தது. கூடவே, படத்தில் விரும்பிய இடத்தில் கறுப்புப் பொட்டு வைத்துக்கொள்ள ஒரு பட்டனும் இருந்தது. பதினொரு வீட்டிலிருந்தும் பதினொரு மாடு வந்தது. பன்னிரண்டாவதாகப் பாப்பாத்தியும் தன் செவலையை அனுப்பியிருந்தாள், எல்லோரையும்விடப் பெரிய பொட்டோடு. எனக்கு வந்த வேலை உத்தரவில் படிப்பு என்ற இடத்தில் எட்டாவது என்றே போட்டிருந்தார்கள், பாஸ் என்பதை மட்டும் விட்டுவிட்டார்கள்.

ஏழு வருஷம் மனிதர்களைப் படித்து, மூன்று மாதம் போனைப் படித்து, கடைசியில் என் வேலையை நிலைக்க வைத்தது யார் கண்ணும் படாத ஒரு மலட்டு மாடுதான் என்பதை நான் இன்னும் மகளிடம் சொல்லவில்லை.