மலையிலேயே அதிகம் விற்ற கம்ப்யூட்டர்

எண்பதுகளின் நடுவில், கொடைக்கானலில் ஒரு மிஷன் பள்ளிக்கூட அலுவலகத்தில் நான் கணக்கராக இருந்தேன். கணக்கர் என்றால் கணக்கு மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். குழாய் உடைந்தாலும், விடுதிச் சமையலறைக்குள் குரங்கு புகுந்தாலும் முதலில் என் பெயரைத்தான் கூப்பிடுவார்கள். ஒருமுறை நகலெடுக்கும் சைக்ளோஸ்டைல் மெஷின் நின்றுபோனபோது, எரிச்சலில் அதன் விலாவில் ஓங்கி ஒரு தட்டு தட்டினேன். ஓடிவிட்டது. அன்று முதல் தாளாளர் ஃபாதரின் கண்ணில் நான் இயந்திரங்களின் உள்மனம் அறிந்தவன். அந்த ஒரு தட்டுக்கு நான் பட்ட பாடுதான் இது. இப்போது எழுத உட்கார்ந்தாலும் கொட்டாவிதான் வருகிறது.

கடல் தாண்டி எங்கோ இருந்த ஒரு புண்ணியவான் பணம் அனுப்பி, பள்ளிக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கிக்கொள்ளச் சொல்லியிருந்தார். ஒன்றே ஒன்று, ஒரே ஒரு தடவை. ஃபாதர் என்னைக் கூப்பிட்டார்.

“மதுரையில மூணு கம்பெனிக்காரங்க இருக்காங்களாம். எது நல்லதுன்னு பாத்துச் சொல்லுங்க சார். நீங்க சொல்றதத்தான் வாங்கப் போறோம்.”

“நானா ஃபாதர்?”

“பின்ன யாரு? நான் லத்தீன்ல பூசை வச்சு வளந்தவன். எனக்கு என்ன தெரியும்?”

அதோடு விட்டிருந்தால்கூடப் பிழைத்திருப்பேன். அதற்கு முன்பே பெற்றோர் கூட்டத்தில் எழுந்து நின்று, இந்த வருடம் எல்லாப் பிள்ளைகளின் மார்க் ஷீட்டும் கம்ப்யூட்டரில்தான் வரும் என்று அறிவித்துவிட்டிருந்தார். கைதட்டினார்களாம்.

இதில் உண்மையில் மாட்டிக்கொண்டது எங்கள் டைப்பிஸ்ட் அம்மா. இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்த குடும்பம். பள்ளி முழுவதற்குமான மார்க் ஷீட்டை வருடா வருடம் கார்பன் வைத்து அடித்து அடித்து, கழுத்தில் பட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். திரும்பிப் பார்க்க வேண்டுமானால் நாற்காலியோடு சேர்ந்து திரும்ப வேண்டும். இன்னொரு வருடம் இப்படி அடித்தால் விரல் மரத்துப்போகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

“அண்ணன், எந்தக் கம்பெனின்னாலும் எனக்கு ஒண்ணுதானே. ஆனா அது படுத்துக்கிச்சுன்னா மறுபடி நான்தானே அடிக்கணும்?” என்று நாற்காலியோடு திரும்பிக் கேட்டார்.

அன்றைக்கு வீட்டுக்குப் போனதும் எனக்கும் கழுத்து வலித்தது. எனக்கு எதுவானாலும் முதலில் பயம் வரும். காரணம் பிறகு சாவகாசமாக வந்து சேர்ந்துகொள்ளும்.

மூன்று கம்பெனிக்காரர்களும் தனித்தனியாக மலையேறி வந்தார்கள். முதலாமவர் டை கட்டியிருந்தார். பெரிய வண்ணக் காலண்டர் கொடுத்தார். இரண்டாமவர் சாவிக்கொத்து கொடுத்தார். மூன்றாமவர் ஒன்றும் கொடுக்கவில்லை. காட் ரோட்டில் ஒவ்வொரு வளைவிலும் வாந்தி எடுத்துக்கொண்டு வந்தவருக்கு நாங்கள்தான் எலுமிச்சை ஜூஸ் கொடுத்தோம். கம்பெனிப் பெயர்கள் எல்லாம் மூன்று ஆங்கில எழுத்துகள், எனக்குள் குழம்பின. ஆகவே காலண்டர் கம்பெனி, சாவிக்கொத்துக் கம்பெனி, வாந்திக் கம்பெனி என்று மனசுக்குள் பெயர் வைத்துக்கொண்டேன்.

“இண்டியாவுலயே நாங்கதான் சார் நம்பர் ஒன்” என்றார் காலண்டர்.

“சவுத்துல நாங்கதான்” என்றார் சாவிக்கொத்து.

மூன்றாமவரிடம் கேட்டேன். கர்ச்சீப்பால் வாயைத் துடைத்துக்கொண்டு, “எங்க தெருவுல நாங்கதான் சார்” என்றார். அந்த நிலையிலும் அவருக்குச் சிரிப்பு வந்தது.

மூவரும் ஒரே மாதிரி சொன்னது ஒன்றுதான்: கம்ப்யூட்டருக்கு ஏசி அறை வேண்டும். ஃபாதர் சன்னலைத் திறந்து காட்டினார். மூடுபனி உள்ளே வந்து மேசை மேல் உட்கார்ந்தது. “ஏம்ப்பா, ஊரே ஏசியாத்தான கெடக்கு?” என்றார். அடுத்தது, அறைக்குள் செருப்பு போடக்கூடாதாம். டிசம்பரில் அந்தத் தரையில் வெறுங்காலை வைத்தால் கால் நம்முடையதா என்று குனிந்து பார்த்துக்கொள்ள வேண்டும்.

தரத்தை ஒப்பிடும் வேலையை ஆரம்பித்தேன். எனக்குத் தெரிந்த தரம் மிக்சியும் பிரஷர் குக்கரும்தான். அந்த வழியிலேயே போனேன். மதுரைக்கு இறங்கி மூன்று கடையிலும் மூன்று பெட்டியையும் தூக்கிப் பார்த்தேன், காலண்டர்தான் கனம். கனமாக இருந்தால் உறுதியாக இருக்கும் என்று குறித்துக்கொண்டேன். விசிறிச் சத்தம் கேட்டேன். சாவிக்கொத்து அம்மி அரைப்பதுபோல் இரைந்தது. மூன்றாவதன் திரையில் எழுத்து பச்சையாக, கொஞ்சம் நடுங்கிக்கொண்டு தெரிந்தது. அதைப் பார்த்தவுடன் இது நம்ம சுபாவம் என்று தோன்றியது. ஆனால் நான் வாங்க வந்தது கம்ப்யூட்டரை, உறவுக்காரரை அல்ல.

ஊர் திரும்பிய பஸ்ஸில், பண்ணைக்காட்டுப் பிரிவு வருவதற்குள் எனக்குத் தெளிவாகிவிட்டது: எனக்கு ஒன்றும் தெரியவில்லை. தரம் எனக்குப் பிடிபடாது. அப்படியானால் அடுத்த வழி, எதை அதிகம் பேர் வாங்கியிருக்கிறார்கள் என்று பார்ப்பது. மலையில் எல்லாரும் செய்வது அதுதான். பம்ப் செட்டோ, ஹீட்டரோ, பக்கத்தில் ஒருவர் வாங்கிப் பார்த்துப் பிழைத்திருந்தால்தான் நாங்கள் கடைப்பக்கம் போவோம். ஒரே கம்பெனிச் சாமான் நாலு இருந்தால்தான் கீழேயிருந்து மெக்கானிக்கும் மேலே ஏறி வருவார். ஒன்றே ஒன்றுக்காக யார் அத்தனை வளைவு ஏறுவது?

சந்தை நிலவரம் அறிய, மங்கி கேப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். உருளைக்கிழங்கு வியாபாரிகள் சங்க அலுவலகத்தில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. மன்னவனூர்ப் பக்கத்து மூட்டைகளுக்கு நடுவே மேசை போட்டு, பெட்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, கீபோர்டு முன்னால் எலுமிச்சம்பழம் ஒன்றும் வைத்திருந்தார்கள். காலண்டர் கம்பெனி.

“எப்படிண்ணே இருக்கு?”

“நல்லாத்தான் இருக்கு. நாங்க இன்னும் அதத் தொடல” என்றார் சங்கத்துச் செயலாளர்.

சில நாள் கழித்து ஏரிக்கரை லாட்ஜில் கேட்டேன். “இருக்கே, காலண்டர் குடுத்தாரே டை கட்டினவரு, அவருதுதான். உள்ள ரூம்ல இருக்கு, கெஸ்ட் தூங்குறாங்க” என்றார் மேனேஜர். அப்புறம் ஒரு காப்பி எஸ்டேட் அலுவலகம். அங்கே வாந்திக் கம்பெனியின் பெட்டி ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் அங்கே கணக்கெழுதும் ரைட்டர், “அந்த டை கட்டினவரு மெஷினும் வந்துச்சு சார், பாத்தோம்” என்றார். அதையும் சேர்த்துக்கொண்டேன். பள்ளங்கிப் பக்கம் ஒரு விதை ஆபீசிலும் காலண்டர்தான் என்றார்கள். சாவிக்கொத்துக்கு மொத்தமே ஒரு மருந்துக் கடைதான். அங்கே அதன் மேல் துண்டு விரித்துப் பூச்சாடி வைத்திருந்தார்கள். கடைசியாகக் கன்னியர் மடம். தையல் பள்ளி அலுவலகத்தில் அழகாக ஒரு காலண்டர் கம்ப்யூட்டர். மேலே ஜெபமாலை தொங்கியது. பெட்டியின் கீழ் மூலையில், கம்பெனிப் பெயர்ப் பட்டைக்கு அடியில், காய்ந்த சந்தனமும் குங்குமமும்.

மத நல்லிணக்கம் என்றால் இதுதான் என்று மனம் உருகிப்போனேன். சிஸ்டரிடம் அதைச் சொல்லவும் செய்தேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

மலையின் முக்கால்வாசி காலண்டர் கம்பெனி கையில். முடிவாகிவிட்டது. மறுநாள் காலை ஃபாதரிடம் சொல்லிவிட வேண்டியதுதான். அன்று சாப்பிடும்போது வெகு நாளைக்குப் பிறகு ரசத்தின் ருசி தெரிந்தது. பெருமையாக மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே கேட்டாள்:

“ஏங்க, கன்னியர் மடத்துல யாருங்க சந்தனம் பூசுனது?”

“அதான் சொல்றேன்ல, அவங்களுக்கு அவ்வளவு பரந்த மனசு...”

“பரந்த மனசெல்லாம் சரி. கெழங்குச் சங்கத்துல வச்ச சந்தனமாட்டம் இருக்கேன்னு கேட்டேன்.”

ரசம் அப்படியே நின்றது.

விடிந்தும் விடியாமலும் சங்க அலுவலகத்துக்கு ஓடினேன். ஓடினேன் என்பது என் கணக்கில். அந்த ஏற்றத்தில் மூச்சு வாங்கி நான் போன வேகத்துக்கு ஒரு கோவேறு கழுதை என்னை முந்திக்கொண்டு போய், திரும்பிப் பார்த்தது. மேசை காலி. எலுமிச்சம்பழம் மட்டும் இருந்தது.

“மெஷின் எங்கண்ணே?”

“அதா? டெமோங்க அது. டை கட்டினவரு வச்சுப் பாருங்கன்னு விட்டுட்டுப் போனாரு. போன வாரமே எடுத்துட்டுப் போயிட்டாரு.”

“எங்க கொண்டுபோனாரு?”

“ஏரிப்பக்கம் லாட்ஜுக்குன்னு சொன்னாரு.”

“அப்ப இருக்குன்னு ஏன் சொன்னீங்க?”

அவர் என்னை அனுதாபத்தோடு பார்த்தார். “தம்பி, நீங்க வந்தன்னைக்கு இருந்துச்சா இல்லியா?”

இருந்தது. அதுதான் சங்கடம். ஒரே பெட்டி ஜீப்பில் ஏறி ஊர் முழுக்க விருந்தாளியாகத் தங்கிப் போயிருக்கிறது. எங்களிடம் இல்லை என்று சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை. பக்கத்துக் கட்டிடத்தில் இருக்கும்போது இவர்களிடம் இல்லை என்றால் எப்படி? எல்லாரும் ‘இருக்கு’ என்றார்கள். நான் ஒவ்வொன்றையும் தனித்தனியாக எண்ணினேன். என் சந்தை ஆய்வில் மலையிலேயே அதிகம் விற்ற கம்ப்யூட்டர், மலையில் ஒருவருக்குக்கூட விற்காதது.

திரும்பி வரும் வழியில் மூன்று இடத்தில் நின்று, ராஜினாமாக் கடிதத்தின் முதல் வரியை மூன்று விதமாக யோசித்தேன். மூன்றும் நன்றாக இருந்தன. பிறகு, நான் இன்னும் ஃபாதரிடம் ஒன்றுமே சொல்லவில்லை என்பது நினைவுக்கு வந்தது. செய்யாத தவறுக்கு ராஜினாமா செய்ய இருந்தவன் அந்த ஊரில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

ஃபாதர் எல்லாவற்றையும் கேட்டார். சிரித்துச் சிரித்து இருமினார். டைப்பிஸ்ட் அம்மா சிரிக்கவில்லை. சிரித்தால் கழுத்து இழுக்கும்.

“சரி, இப்ப என்ன செய்யலாம்?” என்றார் ஃபாதர்.

“தெரியலை ஃபாதர்.” அன்றைக்குச் சொன்னதிலேயே சுத்தமான உண்மை அதுதான்.

டைப்பிஸ்ட் அம்மா நாற்காலியோடு எங்கள் பக்கம் திரும்பினார். “ஃபாதர், ரிப்பேர் ஆனா யாரு வருவான்னு மூணு பேர்கிட்டயும் கேட்டுப் பாருங்களேன். எனக்கு அதுதானே வேணும்.”

மதுரைக்கு ட்ரங்க் கால் போட்டோம். காலண்டர் கம்பெனி, “ஹெட் ஆபீசுக்கு எழுதுங்க, இன்ஜினியரை ஷெட்யூல் பண்ணுவோம்” என்றது. சாவிக்கொத்து, “பெட்டிய வத்தலக்குண்டு வரைக்கும் நீங்க எறக்கிட்டு வந்துருங்க, அங்க வந்து பாத்துக்கிறோம்” என்றது. மூன்றாமவர் முதலில், மொத்தம் எத்தனை வளைவு என்று கேட்டார். எனக்கே அவருடைய வயிறு கண்ணில் தெரிந்தது. பிறகு, “வந்துருவேன் சார். எலுமிச்சை மட்டும் ரெடியா வைங்க” என்றார்.

அதை வாங்கினோம். தரத்தில் அது சிறந்ததா என்றால், எனக்கு இன்றுவரை தெரியாது. ஜமுக்காளத்தில் சுற்றி, என் மடியில் கீபோர்டும் மூன்றாமவர் கையில் பாலித்தீன் பையுமாக, ஜீப்பில் மேலே கொண்டுவந்தோம். முதல் மாதத்திலேயே பனிக்காலையில் கிளம்ப மறுத்தது. ஈரம். அவர் வந்தார், சொன்னபடியே வழியெல்லாம் வாந்தி எடுத்தபடி. வந்ததும் ஒரு சுவரில் சாய்ந்து, கண்ணை மூடி, ஜூஸ் குடித்து, பிறகு பெட்டியைப் பிரித்து உலர்த்தினார். பக்கத்தில் எப்போதும் ஒரு குண்டு பல்பு எரியட்டும் என்றார். அன்றிலிருந்து அந்த அறையில் குட்டி போட்ட ஆட்டுக்குச் செய்வதுபோல் அதற்கு பல்பும் கம்பளியும். நாங்கள் கம்பளிக் காலுறையோடு அதைச் சுற்றி நடப்போம்.

தேர்வு முடிவு வாரத்தில் கரண்ட் போய்ப் போய் வந்தது. ஒரு வகுப்பு முடிவதற்குள் அணைந்து, மறுபடி முதலிலிருந்து. ஒவ்வொரு முறை திரை இருண்டபோதும் நான் அறையை விட்டு வெளியே போய்விடுவேன். டைப்பிஸ்ட் அம்மாதான் வந்து கூப்பிடுவார். “வாங்க அண்ணன், பொழச்சுக்கிச்சு.” பிரிண்டர் நாள் முழுக்கக் கிறீச்சிட்டது. ஆனால் கடைசி மார்க் ஷீட்டும் வந்தது. பெற்றோர்கள் மார்க்கைப் பார்க்கவில்லை, கம்ப்யூட்டர் தாளின் ஓரத்தில் வரிசையாக இருந்த ஓட்டைகளைத் தடவிப் பார்த்தார்கள். அந்த வருடம் டைப்பிஸ்ட் அம்மா ஒரு தாளையும் கையால் அடிக்கவில்லை. பட்டையைக் கழற்றி மேசை இழுப்பறையில் போட்டார். தூக்கி எறியவில்லை; அவரும் எச்சரிக்கையானவர்.

நான் இரண்டு நாள் லீவு போட்டுப் படுத்தேன். காய்ச்சல் ஒன்றுமில்லை. வெறும் களைப்பு.

ஜூனில், பள்ளி திறந்த புதிதில், கன்னியர் மடத்து சிஸ்டர் வந்தார். அவர்களும் ஒன்று வாங்கப்போகிறார்களாம், நாங்கள் வாங்கிய கம்பெனியையே. கிழங்குச் சங்கத்திலும் அதையே ஆர்டர் செய்துவிட்டார்களாம், நாங்கள் வாங்கியதைப் பார்த்து. என்னுடைய நடுக்கம் இப்போது மலையெங்கும் விற்பனையாகிக்கொண்டிருந்தது.

உட்கார வைத்து எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னேன். ஈரத்தைச் சொன்னேன், பல்பைச் சொன்னேன், கம்பளியைச் சொன்னேன். இதைவிட நல்ல பெட்டி வேறு கம்பெனியில் இருக்கலாம், எனக்கு ஒப்பிட்டுப் பார்க்கத் தெரியவில்லை, இனி ஒப்பிட்டுப் பார்க்கத் தெம்பும் இல்லை என்றேன். சிஸ்டர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

“அதெல்லாம் இருக்கட்டும் சார். ஓடுதா?”

உள்ளறையிலிருந்து பிரிண்டர் கிறீச்சிட்டது.

“இன்னைக்கு ஓடுது சிஸ்டர்.”

“அது போதும்” என்று எழுந்துகொண்டார்.