என் குரங்கு

டில்லி கிட்வாய் நகரில் பக்கத்து வீட்டுக்காரர்தான் என் முதல் வாசகர் என்று நம்பியிருந்தேன். இருவருக்கும் ஒரே ஆபீஸ். பத்ரிநாத் போய்வந்து நான் பயணக்கட்டுரை எழுத உட்காருமுன்பே வந்துவிட்டார். தங்கிய சத்திரம், பஸ் நின்ற இடம், என் மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கிய குரங்கு, எல்லாவற்றையும் துருவித் துருவிக் கேட்டார். நானும் மடையன் மாதிரி பூரித்துப்போய்ச் சொன்னேன்.

அந்த மனுஷர் டில்லியைத் தாண்டவே இல்லை. குடும்பத்தோடு பத்ரிநாத் போனதாக எழுதிக்கொடுத்து, சர்க்கார் ஊழியருக்குத் தரும் பயணச் சலுகைப் பணத்தைக் கேட்டிருந்தார். என் மனுவும் அதே மேஜைக்குப் போயிருந்ததால், தமிழரான அதிகாரி எங்களைத் தனித்தனியே விசாரித்தார்.

“ரெண்டு பேர் கண்ணாடியையும் ஒரே குரங்கா பிடுங்கிச்சு?”

“அது என் குரங்கு சார்!”

“அச்சா. ஆனா அவர் சொன்னப்ப எனக்கே குளிர் எடுத்துச்சு. நீங்க நெஜமாவே போனீங்களா?”