எலும்பு கடித்த பசு

கரவெட்டியில் தங்கச்சி வீட்டு மாட்டுக்கொட்டிலில் நின்றேன். மாட்டுத் தீனில் கலக்கும் பொடிப் பையை அவள் வெட்டியதும் சுட்ட சிப்பியின் மணம் எழுந்தது.

"என்ன பொடி உது?"

"உப்பும் எலும்புச் சத்தும், அண்ணை. இது குறைஞ்சால் மாடுகள் எலும்பையும் எடுத்துக் கடிக்குமாம். மிருக வைத்தியர் சொன்னவர்."

அவள் பிறக்குமுன் எங்கள் வீட்டில் நின்ற பசு சிவப்பி நினைவுக்கு வந்தாள். வெள்ளிக்கிழமைகளில் பிள்ளையாரின் அபிஷேகத்துக்கு அவளுடைய பால்தான் போகும். தரவை வெளியில் புல் கருகிக் கிடந்த ஒரு பங்குனியில், செத்த மாடொன்றின் எலும்பைக் கடவாயில் அரைத்தபடி மேய்ச்சலில் இருந்து திரும்பினாள். மச்ச மாமிசம் சமைக்காத வீடு எங்களுடையது. அம்மா வாசல் படலையிலேயே நின்றுவிட்டார்.

"இவளின்ரை பாலையோ சுவாமிக்குக் குடுத்தனாங்கள்?"

அன்றோடு கோயிலுக்குப் பால் போவது நின்றது. சிவப்பியை மேயவும் விடவில்லை. மாமரத்தடியில் கட்டி, வெறும் வைக்கோல் போட்டார் அம்மா. அவள் மண்சுவரை நக்கினாள், கயிற்றைச் சப்பினாள். மாரி தொடங்கிய ஒரு காலையில் அவளால் எழும்ப முடியவில்லை. "என்ன பாவம் செய்தனியோ" என்று கழுத்தைத் தடவித் தடவி அம்மா அழுதார். அதற்குப் பிறகு அவர் பாலைத் தொட்டதேயில்லை.

நான் சொன்னதைக் கேட்ட தங்கச்சி, பொடியைக் குழைப்பதை நிறுத்தினாள்.

"அம்மாவுக்குச் சொல்லுவமோ?"

விறாந்தையில் அம்மா தன்னுடைய பால் விடாத பிளேன்ரீயை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார்.

"வேண்டாம் பிள்ளை," என்றேன்.