மாமாவின் வலதுகால் பூட்ஸ்

என் மாமா பதினெட்டு வருஷம் கால்பந்து விளையாடினார், அத்தனை வருஷமும் ஒரே அணிக்கு. சின்னக்கானலுக்கு மேலே இருக்கும் எங்கள் எஸ்டேட் அணிக்கு. இப்போது அதே அணிக்குக் கோச். ஆட்டத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் பையன்கள் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து வரிசையில் நிற்க வேண்டும். "ரெண்டு பூட்ஸும் இருக்கால? தூக்கிக் காட்டு" என்பார். காட்டாதவனுக்கு மறுநாள் ஆட்டம் கிடையாது. கோச்சுக்குக் கிறுக்கு என்று பையன்கள் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வராது. அந்தக் கிறுக்குக்குக் காரணம் நான்தான்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. அப்பா இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அம்மா கொழுந்து பறித்தாள். அம்மாவின் தம்பியான மாமா தேயிலை ஃபேக்டரியில் வேலை பார்த்துக்கொண்டு தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் எங்கள் வீட்டிலேயே இருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் மைதானத்தின் பின்வரிசையில், நட்ட நடுவே நிற்பார். எதிரணிக்காரன் பந்தோடு வந்தால் பாய்ந்து விழ மாட்டார். வரட்டும் என்று நிற்பார். வந்தவன் பந்தை அவரிடம் விட்டுவிட்டுப் போவான்.

அந்த வருஷம் கொச்சியிலிருந்து ஒரு கிளப்பின் ஆள் மாமாவின் ஆட்டத்தைப் பார்க்க வருவதாகச் செய்தி வந்தது. பிடித்துப்போனால் கிளப்பில் இடம், கூடவே ஆபீஸ் வேலை. லயமே கல்யாண வீடு மாதிரி ஆகிவிட்டது. எல்லோரையும்விட அம்மாதான் அதிகம் பறந்தாள். "எலே, போயிருலே. இந்த மலையில கெடந்து என்னத்தக் கண்ட? எங்களப் பத்தி நெனைக்காத. எங்களுக்குக் கையும் காலும் இருக்கு" என்று சோறு போடும்போதெல்லாம் சொன்னாள். மாமா "பாப்பம்க்கா" என்பதோடு நிறுத்திக்கொண்டார். கூடப்பிறந்தவனை இப்படி விரட்டுகிறாளே, இவள் என்ன மனுஷி என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. மாமா இல்லாத வீட்டை என்னால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

கொச்சிக்காரர் வருவதற்கு முந்தின நாள், சனிக்கிழமை சாயங்காலம், அடுப்புக்கு மேலே விறகோடு காய்ந்துகொண்டிருந்த பூட்ஸில் வலதுகாலை மட்டும் எடுத்தேன். பாவாடைக்குள் மறைத்துக்கொண்டு போய், வீட்டுக்குப் பின்னால் மூன்றாவது தேயிலைச் செடியின் அடியில் திணித்தேன். மாமாவுக்குப் பெரிய பாதம். அந்த அளவு பூட்ஸ் எஸ்டேட்டில் வேறு யாரிடமும் இல்லை. இருட்டிவிட்டால் யானைக்குப் பயந்து பின்பக்கம் ஒருவரும் போக மாட்டார்கள். இத்தனையும் யோசித்தே செய்தேன். பள்ளிக்கூடத்தில் ஒருநாளும் வேலை செய்யாத மூளை அன்று அப்படி வேலை செய்தது.

அன்று விடிய விடிய மழை. காலையில் பூட்ஸைக் காணோம் என்றதும் வீடு அமளிப்பட்டது. பெட்டி, பாய், அரிசிப் பானை என்று அம்மா எதையும் விட்டுவைக்கவில்லை. பக்கத்து வீட்டு நாய்க்கும் ஏச்சு விழுந்தது. "ஏட்டி, நீ பாத்தியா?" என்று என்னையும் ஒருமுறை கேட்டாள். இல்லை என்றேன். வழக்கமாக உண்மை வரும்வரை குடைபவள், அன்று அதோடு விட்டுவிட்டாள். தப்பித்தேன் என்று இருந்தது. மாமா கோல்கீப்பரின் பழைய பூட்ஸை வாங்கி வந்து, தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியால் அதன் முனையை வெட்டி, விரல்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்க மாட்டிக்கொண்டு போனார்.

மைதானம் சேறாகக் கிடந்தது. முதல் பாதியில் மாமா இரண்டு தடவை வழுக்கி விழுந்தார். இரண்டு தடவையும் கோல். கொச்சிக்காரர் கட்டன் சாயாவைக் குடித்துவிட்டு இடைவேளையிலேயே ஜீப் ஏறிப் போய்விட்டார். இரண்டாம் பாதியில் மாமா ஒருவனையும் தாண்ட விடவில்லை. அதைப் பார்க்கத்தான் ஆள் இல்லை. நான் நினைத்தது நடந்துவிட்டது, ஆனாலும் அழுகை அழுகையாக வந்தது.

வீட்டில் அம்மா அவர் கால்விரல்களில் இருந்த ரத்தத்தை வெந்நீர் வைத்துக் கழுவினாள். "போட்டும்லே" என்றாள். கழுவிக்கொண்டே அழுதாள். நல்ல வேலை போய்விட்டதே என்று அழுகிறாள் போல என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தச் சமயம் பார்த்து நான் பின்பக்கம் ஓடினேன். ராத்திரி மழையில் பூட்ஸ் ஊறி நாசமாகியிருக்கும் என்று பயந்துகொண்டே கையை விட்டேன். நனையவே இல்லை. ஒரு பிளாஸ்டிக் தாளில் சுற்றி, இறுக்கி முடிச்சுப் போட்டு, வைத்த இடத்திலேயே இருந்தது. கொழுந்து பறிக்கும்போது பெண்கள் இடுப்பில் கட்டுவார்களே, அந்தத் தாள். சாமி காப்பாற்றிவிட்டது என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன். பூட்ஸைக் கொண்டுவந்து விறகுக்குப் பின்னால் விழுந்து கிடப்பதுபோல வைத்தேன். தாளை என்ன செய்வதென்று தெரியவில்லை. கதவுக்குப் பின்னால் அம்மா தன் தாளை மாட்டும் ஆணி காலியாக இருந்தது. அதில் மாட்டிவிட்டேன். சரியான இடத்தில்தான் மாட்டியிருக்கிறேன் என்பது எனக்குப் புரியப் பல வருஷம் ஆயிற்று.

மாமாவிடம் நான் இன்றுவரை சொல்லவில்லை. அம்மாவும் சொல்லவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் பையன்கள் வாசலில் பூட்ஸைத் தூக்கிக் காட்டும்போது, அம்மாவும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை.