உள்ளங்கையில் இருந்த மாத்திரை

எங்கள் வீட்டில் யாருக்கு எது வேண்டுமானாலும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். கத்தரிக்காய் ஆகாது என்றால் வேறு குழம்பு வைப்பார்கள். கருவாடு ஆகாது என்றால் கொஞ்சம் கேலி பேசிவிட்டு விட்டுவிடுவார்கள். மிளகாய் வத்தல் மட்டும் ஒத்துக்கொள்ளாமல் போகவே கூடாது. விருதுநகரில் தலைமுறை தலைமுறையாக வத்தல் மண்டி வைத்திருந்த குடும்பம் எங்களுடையது. வீட்டின் முன்பக்கம் நாங்கள் இருந்தோம், பின்பக்கத்துக் கொட்டகையில் வத்தல் மூட்டைகள் இருந்தன. சீசன் வந்துவிட்டால் சோறு, தலையணை, பள்ளிக்கூடப் பை என்று எதை முகர்ந்தாலும் அந்த நெடிதான். வெளியூர் விருந்தாளிகள் தும்மித் தும்மி ஓய்ந்துபோவார்கள். நாங்கள் அவர்களைப் பார்த்துச் சிரிப்போம்.

அந்தச் சிரிப்பில் மாட்டிக்கொண்டவள் என் சின்னம்மா. அத்தாவின் தம்பி சின்னத்தாவைக் கட்டிக்கொண்டு வந்த முதல் சீசனிலேயே அவளுக்குக் கண்ணும் மூக்கும் வீங்கி, கழுத்தெல்லாம் தடிப்புத் தடிப்பாகக் கிளம்பிவிட்டது. வத்தல் யாவாரி வீட்டு மருமகளுக்கு வத்தல் ஆகாதாம் என்று தெருவெல்லாம் பேச்சு. கடைசியில் சின்னத்தா அவளைக் கூட்டிக்கொண்டு சிவகாசிக்குப் போய், காலண்டர் அச்சடிக்கும் கம்பெனி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். பெருநாளைக்கு அவள் வந்தால்கூட, "என்ன மகராசி, மூக்கைப் பொத்திக்கிட்டு வந்தீகளா?" என்று கேட்காமல் ஒரு சொம்புத் தண்ணீர் யாரும் கொடுத்ததில்லை. அப்படிக் கேட்பதில் முதல் ஆள் என் மாமி.

மாமி அத்தாவுக்கு, அதாவது எங்கள் அப்பாவுக்கு, அக்கா. கல்யாணமாகிக் கொஞ்ச காலத்திலேயே புருஷனைப் பறிகொடுத்துவிட்டு, பிள்ளையும் இல்லாமல் பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்தவள். வந்தவள் மூலையில் உட்காரவில்லை. கொட்டகையில் போய் உட்கார்ந்தாள். காம்பு கிள்ள வரும் பெண்களுக்கு நடுவில் ஒரு பலகையைப் போட்டுக்கொண்டு, கையும் வாயும் ஓயாமல் வேலை வாங்குவாள். "அக்கா கொட்டகையில இருக்கிறவரைக்கும் எனக்கு என்ன கவலை" என்று அத்தா வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். அந்தப் பேச்சு காதில் விழுந்துவிட்டால் போதும், மாமி இன்னொரு மூட்டையை அவிழ்ப்பாள். வத்தல் கிள்ளிய விரலால் எங்களைத் தொடமாட்டாள். கொஞ்ச வேண்டுமென்றால் புறங்கையால்தான் கன்னத்தைத் தடவுவாள். சீசன் வந்தால் அவளுக்குப் பயபக்தியும் கூடிவிடும். முக்காட்டை நெற்றிக்குக் கீழே, ஏறக்குறையக் கண்ணை மறைக்கிற மாதிரி இழுத்து விட்டுக்கொள்வாள். அப்படித்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவளுக்கு வயிற்றுவலி எப்போது ஆரம்பித்தது என்று யாருக்கும் தெரியாது. வெறும் வயிற்றில் வலிக்கும், ஒரு ரஸ்க்கை டீயில் நனைத்துத் தின்றால் அடங்கும், மறுபடி வலிக்கும். "வத்தல் வீட்டுல வயிறு எரியாம குளுகுளுன்னா இருக்கும்?" என்று அவளே சிரிப்பாள். மணத்தக்காளிக் கீரை சாப்பிட்டாள். தேங்காய்ப்பால் குடித்தாள். பள்ளிவாசல் ஹஸ்ரத்திடம் ஓதி வாங்கிய தண்ணீரும் குடித்தாள். கடைசியில் ஒரு நாள் கொட்டகையிலேயே மயங்கிச் சாய்ந்தபிறகுதான் அத்தா காரைப் பிடித்து மதுரைக்குக் கூட்டிப்போனார். பெரிய லீவு என்பதால் நானும் ஒட்டிக்கொண்டேன்.

டாக்டர் மாமியின் வாய் வழியாகக் குழாயை விட்டுப் பார்த்துவிட்டு, வயிற்றில் புண் இருக்கிறது, அதற்குக் காரணம் ஒரு கிருமி, அதைக் கொன்றால்தான் புண் ஆறும் என்றார். காரத்தின்மீது அவர் ஒரு பழியும் போடவில்லை. மாமிக்கு அதில் பெரிய நிம்மதி. பிறகு அவர், ஒத்துக்கொள்ளாத மருந்து ஏதாவது உண்டா என்று கேட்டார். எங்களுக்கெல்லாம் மனப்பாடமான கதையை மாமி அவரிடமும் சொன்னாள். குமரியாக இருந்தபோது தொண்டைவலிக்கு ஒரு மாத்திரை கொடுத்தார்களாம், அன்றைக்கே முகம் பணியாரமாக வீங்கிவிட்டதாம்.

டாக்டர் அதைச் சீட்டில் குறித்துக்கொண்டார். "இந்தக் கிருமிக்கு முதல்ல குடுக்கிற மருந்தே அந்த வகைதாம்மா. ஆனா பலபேருக்கு இப்படி ஒரு பேர் இருக்கும், பரிசோதிச்சுப் பாத்தா அந்த மாத்திரை மேல தப்பே இருக்காது. ஒருநாள் இங்கயே தங்குங்க, எங்க கண்ணு முன்னால வச்சே பாத்துருவோம். வேற எதுனால வீங்குச்சுன்னும் தெரிஞ்சிரும்" என்றார்.

"அதெல்லாம் வேண்டாங்க" என்றாள் மாமி. அத்தா வாயைத் திறப்பதற்குள் சொல்லிவிட்டாள். அவள் அவ்வளவு அவசரமாகப் பேசி நான் பார்த்ததில்லை.

"அப்ப வேற மருந்து இருக்கு. அந்த வகையே இல்லாதது. நாலு விதமா மாத்திரை, ரெண்டு வாரம், ஒருவேளைகூட விடக்கூடாது. வாய் கசக்கும், குமட்டும். தடிப்பு, வீக்கம் எது வந்தாலும் உடனே எங்கிட்ட வாங்க. நீங்களா நிறுத்திட்டு வீட்டுல இருந்துராதீங்க."

வீட்டுக்கு வந்தும் அத்தாவுக்கு மனது ஆறவில்லை. "டெஸ்ட்டு பண்ணிருக்கலாம்க்கா. மருந்து எது, நோவு எதுன்னு தெரிஞ்சா நல்லதுதான?"

"லோடு வந்து நிக்கிது. நான் அங்கன கட்டில்ல படுத்துக்கிட்டு அவுகள ஊசி குத்தச் சொல்லவா?"

"மைனி, கொட்டகைய நான் பாத்துக்கிறேன், நீங்க போய்ட்டு வாங்க" என்றாள் அம்மா. நல்ல மனதோடு சொன்னதுதான். மாமியின் முகம் செத்துவிட்டது.

"நீங்க பாத்துக்கிட்டா அப்புறம் நான் எதுக்கு இங்கன?" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். ஏதோ விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று எல்லாரும் சிரித்தோம்.

டாக்டர் சொன்ன அந்த வேறு மாத்திரைகளை மாமி ஆரம்பித்தாள். வாய்க்குள் இரும்புத் துண்டைப் போட்டு வைத்த மாதிரி இருக்கிறது என்று திட்டிக்கொண்டே முழுங்கினாள். தண்ணீர் கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. சில நாட்களில் ரஸ்க் இல்லாமலே அவளால் இருக்க முடிந்தது. வலி குறைந்திருந்தது என்பதை யாரும் கவனித்துச் சொல்லவில்லை. அவளும் சொல்லவில்லை.

அப்புறம் ஒரு பகலில் புதுச் சரக்கு வந்து இறங்கியது. நல்ல காரச் சரக்கு, கொட்டகைப் பக்கம் போனாலே கண் எரிந்தது. நான் சொம்போடு போனபோது மாமி கொட்டகைக்குப் பின்னால் குழாயடியில் உட்கார்ந்து முகத்தைத் திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள். முக்காடு தோளில் கிடந்தது. இமைகள் இரண்டும் தடித்து, கண் இருந்த இடத்தில் கோடு மட்டும் இருந்தது. உதடு உப்பியிருந்தது. என்னைப் பார்த்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இடுப்பிலிருந்து மாத்திரையை எடுத்து உள்ளங்கையில் வைத்தாள். அதற்குள் அம்மா வந்துவிட்டாள்.

"யா அல்லாஹ்! மைனி, என்ன இது மூஞ்சி? மாத்திரையா?"

மாமி என்னைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். கொட்டகையை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

அவ்வளவுதான். அத்தா மண்டிக் கடையிலிருந்து ஓடி வந்தார். மிச்சமிருந்த மாத்திரைகளை எல்லாம் வாரிச் சாக்கடையில் கொட்டினார். "மதுரைக்குப் போவோம்க்கா, டாக்டர் உடனே வரச் சொன்னாரே" என்றார். "வீக்கம் வடிஞ்சிருச்சு பாருங்க தம்பி, சீசன் முடியட்டும், போவோம்" என்றாள் மாமி. சீசன் முடிந்தது. அதற்குள் எந்த மாத்திரையும் மாமிக்கு ஆகாது என்பது எங்கள் குடும்பத்தில் கல்லில் வெட்டிய எழுத்தாகிவிட்டது. மறுபடி ரஸ்க் வந்தது, கீரை வந்தது, ஓதிய தண்ணீர் வந்தது.

நான் பெரிய வகுப்புக்குப் போயிருந்த ஒரு சீசனில் மாமி கொட்டகையில் ரத்தமாக வாந்தி எடுத்தாள். மதுரைக்குக் கொண்டுபோனார்கள். திரும்பி வந்தது மய்யித்துதான். கொட்டகையில் அவளுடைய பலகையை யாரும் ரொம்ப நாள் எடுக்கவில்லை.

எனக்குக் கல்யாணமாகி வேறு ஊருக்கு வந்தபிறகு ஒருமுறை அத்தா ஒரு பை வத்தல் கொடுத்தனுப்பினார். ஆசை ஆசையாகப் பிரித்து, காம்பு கிள்ளி டப்பாவில் போட்டு வைத்தேன். கொஞ்ச நேரத்தில் கழுத்து அரித்தது. கண்ணாடியில் பார்த்தால் இமைகள் இரண்டும் தடித்து, கண் இருந்த இடத்தில் கோடு மட்டும் இருந்தது. குழாயடியில் பார்த்த அதே முகம். நான் எந்த மாத்திரையும் சாப்பிட்டிருக்கவில்லை.

குமரியாக இருந்தபோது அவளுக்கு ஆகாமல் போனது மாத்திரையா வத்தலா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. ஆனால் எல்லாச் சீசனிலும் அந்த முக்காட்டுக்குள் என்ன இருந்தது என்பது எனக்கு அன்றைக்குத் தெரிந்தது. சின்னம்மாவை அனுப்பின மாதிரி தன்னை அனுப்ப ஒரு சிவகாசிகூடக் கிடையாது என்று அவள் பயந்திருக்கிறாள். யாரும் அனுப்பியிருக்க மாட்டோம். அத்தா நிச்சயம் அனுப்பியிருக்க மாட்டார். ஆனால் அதை நாங்கள் யாரும் அவளிடம் ஒருமுறைகூடச் சொல்லி வைக்கவில்லையே. எனக்கு அவள்மேல் கோபம் கோபமாக வருகிறது. சொல்லித் தொலைத்திருக்கலாமே மாமி, கொட்டகை போனால் போகிறது, திட்டுவதற்காவது எங்களோடு இருந்திருக்கலாமே என்று இப்போதும் வாய்விட்டுக் கேட்கிறேன்.

மாத்திரையைக் கொட்டிய அன்று வந்துபோனவர்களுக்கெல்லாம் நான்தான் கதை சொன்னேன். முதலில் பார்த்த சாட்சி நான்தானே. "மாமி அதை முழுங்கவே இல்ல! கையிலதான் வச்சிருந்துச்சு, அதுக்கே வீங்கிருச்சு!" என்று கண்ணை உருட்டிச் சொன்னேன். "பாத்தீகளா, கையில வச்சதுக்கே இம்புட்டுன்னா, உள்ள போயிருந்தா என்னாகிருக்கும்" என்று அம்மா நெஞ்சில் கை வைத்தாள். அத்தா அல்ஹம்துலில்லாஹ் சொன்னார். அத்தனை நாள் முழுங்கியபோது ஏன் வீங்கவில்லை என்று ஒருத்தருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

மாமி மட்டும் என்னைக் கிட்டே கூப்பிட்டாள். "ஏத்தா, உனக்குக் கண்ணு ரொம்பக் கூர்மைத்தா" என்று சொல்லி, புறங்கையால் என் கன்னத்தை வெகுநேரம் தடவினாள். கதையை அவ்வளவு நன்றாகச் சொன்னதற்காகத்தான் கொஞ்சுகிறாள் என்று நினைத்து, நான் அடுத்து வந்தவர்களுக்கும் அதைச் சொல்ல ஓடினேன்.