சகலையை விடப் பெரிய கார்டு

என் பெரியத்தானின் போட்டோ ஸ்டுடியோ ஜெராக்ஸ் கடைக்கும் பல் டாக்டருக்கும் நடுவில் இருக்கிறது. உள்ளே இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் தெருவில்தான் நிற்க வேண்டும். மெமரி கார்டும் விற்பார். யாராவது வந்து பெரிய கார்டாகக் கேட்டுவிட்டால் போதும், பிடித்துவைத்துப் பாடம் நடத்துவார். முதலில் கேமராவைக் காட்டு, அது எவ்வளவு தாங்குமோ அந்த அளவுக்குத்தான் கார்டு. அதிலும் சின்னதாக நாலைந்து வைத்துக்கொண்டால், ஒன்று கெட்டாலும் மற்றதில் இருக்கும் படம் பிழைக்கும். கேட்டவர் தப்பித்தோம் என்று ஓடுவார்.

எங்கள் வீட்டுக் கூடத்தில், டிவிக்கு மேலே மாட்டியிருந்த குடும்பப் படம் அவர் எடுத்ததுதான். யார் வந்தாலும் அம்மா அதைக் காட்டி, பெரிய மாப்பிள்ளை எடுத்தது என்பாள். அத்தான் கேட்காதது போல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்.

வங்கியில் வேலை பார்க்கும் சின்னத்தான் புதுக் கேமரா வாங்கியதும் எல்லாம் தலைகீழானது. அறுபத்து நாலு ஜிபி கார்டு, நாள் கணக்கில் எடுத்தாலும் நிறையாதாம். பெரியத்தானின் எட்டு ஜிபி கார்டைக் கையில் வாங்கிப் பார்த்து, "இதெல்லாம் இன்னும் கிடைக்குதா சகலை?" என்று வெள்ளந்தியாகத்தான் கேட்டார். பெரியத்தானுக்கு வயிறு பற்றி எரிந்தது. எரியாதா? அன்றைக்குப் பார்த்து அம்மா, அப்பா வேலையிலிருந்து ஓய்வு பெறும் அன்று புதுப் படம் எடுத்துப் பழையதைக் கழற்றிவிட வேண்டும் என்று வேறு சொல்லிவைத்தாள். யார் எடுப்பது என்று சொல்லவில்லை.

பெரியத்தான் தன்னை யாருக்கும் தெரியாத பெரிய கடையாகத் தேடிப் போய், நூற்று இருபத்தெட்டு ஜிபி கேட்டிருக்கிறார். கடைப்பெண் எந்தக் கேமராவுக்கு என்று கேட்டாளாம். தினமும் தான் கேட்கிற கேள்வி! என்னிடமே கேட்கிறாயா என்று முறைத்துவிட்டு வாங்கி வந்துவிட்டார். வீட்டில் போட்டுப் பார்க்கவும் இல்லை. கவர் பிரிக்காமல் கொண்டுவந்து, சகலையின் கண்ணெதிரே பிரிக்க வேண்டும் என்பது திட்டம். பழைய கார்டுகள் கண்ணில் பட்டால் மானக்கேடு என்று கடையிலேயே வைத்துப் பூட்டிவிட்டார்.

ஓய்வு பெற்ற அன்றைக்கு அப்பாவைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்தாயிற்று. அப்பாவை வீட்டில் விட வந்த அலுவலகத்து ஆட்கள் வண்டியை வெளியே நிறுத்திவிட்டு அவசரப்பட்டார்கள். அத்தான் கவரை நிதானமாகக் கிழித்து, கார்டைத் தூக்கிப் பிடித்து, கேமராவில் செருகினார். இந்தக் கார்டைப் பயன்படுத்த முடியாது என்றது திரை. எடுத்துத் துடைத்து மறுபடி செருகினார். அதே பதில். முப்பத்திரண்டுக்கு மேல் அந்தக் கேமரா ஏற்காது. ஊருக்கெல்லாம் சொன்ன மனுஷனுக்கு அது அப்போதுதான் உறைத்தது. காது மடல் வரை சிவந்துபோனார்.

சின்னத்தான் வரிசையிலிருந்து எழுந்து தன் கேமராவை நீட்டினார். "இதுல எடுங்க சகலை. நான் எடுத்தா ஆடிடும்."

அத்தான் வாங்கிக்கொண்டார், வேறு என்ன செய்வார்? ஆனால் கேமரா கைக்கு வந்ததும் ஆளே மாறிவிட்டார். திரைச்சீலையை விலக்கினார், அப்பாவின் கழுத்துப் பட்டனைக் கழற்றிவிட்டார், யாரோ எதற்கோ சிரிக்கும் வரை காத்திருந்து ஒரே ஒரு முறை அழுத்தினார். அப்பா அவ்வளவு அழகாக எந்தப் படத்திலும் இருந்ததில்லை.

இப்போது டிவிக்கு மேலே இருப்பது அந்தப் படம்தான். போன வாரம் பக்கத்து வீட்டு அக்கா வந்தபோது அம்மா, சின்ன மாப்பிள்ளையின் கேமரா என்ன தெளிவு பார் என்று ஆரம்பித்தாள். பெரியத்தான் படத்துக்கு நேர் கீழே டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"கேமராதான் என்னோடது அத்தை. எடுத்தது சகலை" என்றார் சின்னத்தான்.

அம்மா பூரித்துப்போனாள். "பாத்தியா, என்ன பெரிய மனசு இவருக்கு!"

வாசலில் செருப்பைத் தேடும்போது பெரியத்தான் என்னிடம் முணுமுணுத்தார். "தானே எடுத்ததா அந்தாளு ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம். நிம்மதியா திட்டிட்டாவது போயிருப்பேன்."